ஐரோப்பாவில் நண்பர்களோடு நீண்ட கார்ப் பயணம் போனால் கடைசி நாளை எப்படி வைத்துக்கொள்வது?

கேட்டவர் நண்பர்கள் மூவரோடு காரில் ஐரோப்பாவைச் சுற்றப் போகிறார். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. அதுவரை பார்க்காமல் விட்டதையெல்லாம் அன்று வழியில் பார்த்து முடித்து, இரவே காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறலாமா என்பது அவருடைய கேள்வி.

வேண்டாம். வழிக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஒரே ஒரு இடம் பார்த்தால் காணும். காரைக் கொடுத்த பிறகு ஒரு இரவு நித்திரை கொண்டுவிட்டு மறுநாள் விமானம் ஏறுங்கள். இதைவிட முக்கியம், காரில் வருகிறவர்களில் யார் யாருக்குத் திங்கட்கிழமை வேலை என்று திட்டம் போடும்போதே கேட்டு வையுங்கள். கடைசி நாள் அவர்களுடையது. ஊரிலிருந்து போன நமக்குத்தான் அது சுற்றுலா. அவர்கள் அன்று இரவு அலாரம் வைத்துவிட்டுப் படுக்க வேண்டியவர்கள்.

நான் மட்டக்களப்பு, கல்லடி. என்னோடு வந்தவர்கள் சிவானந்தாவில் என்னோடு படித்தவர்கள். ஒருவன் இப்போது சுவிஸில் பாசலுக்குப் பக்கத்தில், ஒருவன் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில், மற்றவன் பாரிஸ் புறநகர் லா கூர்நெவ்வில். பெயரைப் போட்டால் அடிக்க வருவார்கள், ஆகவே சுவிஸ், ஜெர்மன், பாரிஸ் என்றே வைத்துக்கொள்வோம். பாரிஸ் சார்ல் து கோல் விமான நிலையத்தில் கார் எடுத்து, பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி, ஒஸ்ரியா, இத்தாலி, சுவிஸ் என்று ஒரு வட்டம் அடித்து அங்கேயே கொண்டுவந்து விட்டோம். ஒரு நாட்டில் எடுத்த வாடகைக் காரை இன்னொரு நாட்டில் விட்டால் அதற்குத் தனியாக ஒரு கட்டணம் போடுவார்கள். சில வேளை அது வாடகையையே எட்டிப் பிடிக்கும். வட்டமாக ஓடி முடிக்கிறதுதான் மலிவு.

தூரக் கணக்கில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றர் சொச்சம். அதற்கே ஏழு மணித்தியாலம் போகும், இரவென்றால் புணானை, வெலிக்கந்தைப் பக்கம் யானைக்கும் பார்த்து ஓட வேண்டும். நம் நாட்டில் சாதாரண வீதியில் காருக்கு 70, அதிவேக வீதியில் 100. அங்கே பிரான்ஸின் ஹைவேயில் 130, மழை பெய்தால் 110. சுவிஸில் 120. அதைப் பார்த்ததும் "அடே, பாசலிலிருந்து பாரிஸ் 550 கிலோமீற்றர்தானே, நாலு மணித்தியாலத்தில் போயிடலாம், நடுவில் ரெண்டு ஊர் பார்க்கலாம்" என்று வாய் சொல்லிவிடும். காசு கட்டும் கதவுகள், சிறுநீர் கழிக்க ஒரு நிறுத்தம், சாப்பாட்டுக்கு ஒன்று, பெற்றோலுக்கு ஒன்று என்று போட்டால் ஆறரை மணித்தியாலத்துக்குக் குறையாது. பிறகு பாரிஸ் நெருக்கடி இருக்கிறது.

கடைசி நாளுக்கு முந்திய நாளும் கடைசி நாளோடு சேர்ந்ததுதான். மிலானிலிருந்து வரும்போது கோட்டார்ட் சுரங்கம். 1980இல் திறந்தது, 16.9 கிலோமீற்றர் நீளம், உள்ளே போக ஒன்று வர ஒன்று என்று இரண்டே நிரைதான். கோடை காலத்துச் சனி, ஞாயிறுகளில் தெற்கு வாசலான ஐரோலோவில் கிலோமீற்றர் கணக்கில் கார்கள் நிற்கும். ஜெர்மன் அங்கே அடிக்கடி ஓடுகிறவன். "ஞாயித்துக்கிழமைக்கு இதை வச்சா நான் திங்கள் வேலைக்குப் போக ஏலாதுடா" என்று முதலே சொல்லிவிட்டான். சனி காலையிலேயே அதைக் கடந்து பாசலுக்கு வந்துவிட்டோம்.

சனி பின்னேரம் முழுக்க சுவிஸ் வீட்டில். அங்கே அடுக்குமாடிகளில் உடுப்புத் துவைக்கிற அறை எல்லா வீட்டுக்கும் பொது. யாருக்கு எந்த நாள் என்று முறை இருக்கும். பல இடங்களில் ஞாயிற்றுக்கிழமை துவைக்கவே கூடாது. "இஞ்ச ஞாயித்துக்கிழமை மிசின் போட்டா மேல்வீட்டுக் கிழவி கதவில கடிதம் ஒட்டிப் போடுவா" என்று சுவிஸ் விரட்டி விரட்டி எல்லாருடைய அழுக்கையும் வாங்கிப் போட்டான். கடையும் அப்படித்தான். ஜெர்மனியில் ஞாயிறு கடை பூட்டு, சுவிஸிலும் பெரும்பாலும் பூட்டு. ரயில்வே ஸ்டேசனுக்குள் இருக்கிற கடைகள் திறந்திருக்கும், விலை கூட. கடைசி நாள் ஞாயிறு என்றால் சொக்லேட் வாங்கும் வேலையைச் சனியோடு முடியுங்கள்.

சொக்லேட் என்றதும் பார்சல் கதைக்கு வந்துதான் ஆக வேண்டும். ஊருக்குத் திரும்புகிறவன் ஒரு தபால்காரன். நான் போகும்போது கொண்டுபோன சாமான்கள் இறங்கி சூட்கேஸ் காலியாகிவிட்டது என்று சந்தோசப்பட்டேன். சனி இரவு சுவிஸின் மனைவி, நான் மச்சாள் என்று கூப்பிடுவது, ஒரு பையை வைத்தா. களுவாஞ்சிகுடியில் இருக்கிற மாமிக்கு முழங்கால் நோவுக்குப் பூசுகிற கிறீம், ஸ்வெற்றர் ஒன்று ("மட்டக்களப்பில எங்க போடுற?" என்று கேட்டதற்குப் பதில் இல்லை), சொக்லேட் பெட்டிகள். ஜெர்மன் தன் பங்குக்கு அக்கரைப்பற்றில் இருக்கிற அக்காவின் பிள்ளைகளுக்குக் கால்பந்துச் சப்பாத்து, ரெண்டு சோடி. பாரிஸ் ஒன்றும் சொல்லாமல் இருந்தான். அவன் வீட்டில் அதைவிடப் பெரிய பை காத்திருந்தது.

கொக்கியில் தூக்கி நிறுக்கிற சின்னத் தராசு ஒன்றைச் சுவிஸ் வைத்திருந்தான். அவன் சூட்கேஸைத் தூக்க, ஜெர்மன் கைபேசி வெளிச்சத்தில் எண்ணை வாசிக்க, மச்சாள் ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியைப் பிரித்து உள்ளிருப்பதை மட்டும் திரும்ப வைக்க, இரவு பதினொரு மணி. சப்பாத்துக்குள் காலுறை, காலுறைக்குள் சொக்லேட். இதை விமான நிலையத்தில் வரிசையில் நின்று செய்ய முடியாது. கிறீம், வாசனைத் தைலம் எல்லாம் பெரிய பெட்டிக்குள் போகட்டும். பவர் பேங்க் மட்டும் கைப்பைக்குள்தான் இருக்க வேண்டும்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு முதல் ஆளை இறக்கினோம். நாலு பேர் சேர்ந்து போகிற பயணம் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் முடிவதில்லை, கேட்டவர் இதை யோசித்திருக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன். பாசலில் ஜெர்மன் ரயில் கம்பனியின் ஸ்டேசன் ஒன்று சுவிஸ் மண்ணிலேயே இருக்கிறது, பாடிஷர் பான்ஹோஃப் என்று. ஜெர்மனை அங்கே விட்டால் அவனுக்கு வசதி. திங்கள் காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலையில் நிற்க வேண்டியவன். காரை நிறுத்த இடம் இல்லை, பின்னால் ஒரு டக்சிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான். அவன் பையை இழுத்து எடுத்துக்கொண்டு, "சரிடா, இறங்கினதும் மெசேஜ் போடுங்க" என்றான். கட்டிப்பிடிக்கவெல்லாம் நேரம் இல்லை. இவ்வளவு நாள் முன் சீற்றில் இருந்து "இதில கிறுகு, அதில கிறுகு" என்று தொண்டை கிழியக் கத்தினவன், ஸ்டேசன் கதவுக்குள் போய் ஒருமுறை கையைத் தூக்கினான், அவ்வளவுதான். சுவிஸ் தன் வீட்டு வாசலிலேயே கழன்றுவிட்டான். அவனுக்கு அன்று பின்னேரம் வைத்தியசாலைச் சமையலறையில் வேலை.

ஆகவே பிரியாவிடைச் சாப்பாடு, படம் எடுக்கிறது, கணக்குப் பார்க்கிறது எல்லாம் சனி இரவோடு சரி. கடைசி நாளுக்கு என்று தள்ளி வைத்தால் ஹோர்ன் சத்தத்துக்குள் முடிந்துவிடும்.

மிச்சம் நானும் பாரிஸும். சுவிஸ் நாடு ஷெங்கனுக்குள், அதாவது எல்லையில் கடவுச்சீட்டு பார்க்காத நாடுகளின் கூட்டுக்குள் இருக்கிறது, ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள் இல்லை. கடவுச்சீட்டு பார்க்காவிட்டாலும் சுங்கக்காரர் மறித்துச் சாமானைக் கேட்கலாம். எங்களை மறிக்கவில்லை. பிரெஞ்சுக் காரோடு சுவிஸ் ஹைவேயில் ஏறினால் விக்னெட் என்கிற வீதிக்கட்டண வில்லை வேண்டும், 40 பிராங்க், வருசத்துக்கு ஒன்றுதான், ஒரு நாளைக்கு என்று குறைத்துத் தர மாட்டார்கள். இப்போது ஒன்லைனிலும் எடுக்கலாம்.

எல்லை தாண்டி முலூஸ், பிறகு ஏ36 வீதி. ஞாயிற்றுக்கிழமையின் ஒரே நன்மை, லொறி இல்லை. பிரான்ஸில் 7.5 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகள் சனி இரவு பத்து மணியிலிருந்து ஞாயிறு இரவு பத்து மணி வரை ஓடத் தடை. ஜெர்மனியிலும் சுவிஸிலும் ஞாயிறு தடைதான். வீதி விரித்த பாய் மாதிரிக் கிடந்தது. இந்த இடத்தில் மட்டும் நான் ஓடினேன். கொழும்பில் ஓட்டோமொபைல் சங்கத்தில் எடுத்த சர்வதேச அனுமதிப் பத்திரம் கையில் இருந்தது, என் பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் மேலதிகச் சாரதியாக ஏறியிருந்தது. பெயர் ஏறாத ஆள் ஓடி ஏதும் நடந்தால் காப்புறுதி கைவிட்டுவிடும், கவனம். ஹைவேயில் வலப்பக்க ஓட்டம் நம்மவருக்குக் கஷ்டமே இல்லை. கஷ்டம் ஊருக்குள்ளும், கடைசி இருபது கிலோமீற்றரிலும்தான். அந்த இருபது கிலோமீற்றரை அந்த ஊர்க்காரனிடம் கொடுத்துவிடுங்கள்.

நான் சொன்ன அந்த ஒரே ஒரு இடம் எங்களுக்கு பெல்ஃபோர். ஹைவேயிலிருந்து கொஞ்சத் தூரம்தான். கோட்டைக்குக் கீழே மலைப்பாறையோடு சேர்த்து வைத்த சிவப்பு மணற்கல் சிங்கம், 22 மீற்றர் நீளம், 11 மீற்றர் உயரம். அமெரிக்காவின் சுதந்திரதேவி சிலையைச் செய்த பார்த்தோல்டிதான் இதையும் செய்தார், 1880இல் முடிந்தது. 1870, 71இல் பிரஷ்யப் படை இந்த ஊரை 103 நாள் முற்றுகையிட்டது, உள்ளே இருந்தவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை, அந்த நினைவுக்கு. முற்றுகை என்றால் என்ன, பாதை பூட்டினால் அரிசி என்ன விலை விற்கும் என்றெல்லாம் தெரிந்த மாவட்டத்துக்காரன் நான். கொஞ்ச நேரம் நின்றுதான் பார்த்தேன். பாரிஸுக்குப் பொறுக்கவில்லை. "இதுக்கா இறங்கின நாங்க? இதே சிங்கம் பாரிஸ்ல நான் வேலைக்குப் போற வழியில நிக்குதடா." உண்மைதான், டான்ஃபேர் ரோஷ்ரோ சதுக்கத்தில் இதன் செப்புத்தகட்டுப் பிரதி இருக்கிறது, மூன்றில் ஒரு பங்கு அளவில். இத்தனை வருசம் அதைக் கடந்து போகிறவன், அது எதற்கு வைத்த சிங்கம் என்று அன்றைக்குத்தான் கேட்டான்.

மச்சாள் கட்டித் தந்த இடியப்பமும் சம்பலும் ஒரு வாங்கில் இருந்து சாப்பிட்டோம். அதோடு பாரிஸின் முகம் மாறிவிட்டது, மணியைப் பார்க்கத் தொடங்கினான். இதைத்தான் சொன்னேன். அவனுக்கு அடுத்த நாள் காலை உணவகத்தில் வேலை, அதற்கு முதல் பிள்ளையைப் பள்ளிக்கூடம் விட வேண்டும். நான் "போன் எண்ட ஊர்ல இறங்கி அந்த வண்ண ஓட்டுக் கூரை ஆசுப்பத்திரியைப் பாப்பமா?" என்று கேட்க நினைத்தேன். 1443இல் கட்டத் தொடங்கிய தரும வைத்தியசாலை அது, ஏ36 போய் ஏ6இல் முட்டுகிற இடத்தில் இருக்கிற ஊர். கேட்கவில்லை. கேட்டிருந்தால் இறங்கியிருப்பான், நண்பன்தானே. இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போயிருப்பான்.

பிரான்ஸில் பிசோன் ஃப்யூத்தே என்று அரசாங்கத்தின் போக்குவரத்து அறிவிப்பு இருக்கிறது. ஒவ்வொரு நாளுக்கும் பச்சை, செம்மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று நிறம் போடுவார்கள், போகிற பக்கத்துக்குத் தனி, திரும்புகிற பக்கத்துக்குத் தனி. விடுமுறை முடிகிற ஞாயிறு பின்னேரம் பாரிஸ் திரும்பும் ஏ6 எப்படி இருக்கும் என்று அதில் பார்த்துவிட்டே கிளம்புங்கள். ஃப்ளரி ஆன் பியேர் என்ற பெரிய காசு கட்டும் வாசலில் வரிசை நிற்கும். செம்மஞ்சள் நிறத்தில் சின்ன டி எழுத்து மட்டும் போட்ட நிரை, தானாகக் காசு கழிக்கிற கருவி பூட்டிய கார்களுக்கு. அதற்குள் நுழைந்தால் பின்னால் இருக்கிற முழுப் பிரான்ஸும் உங்களைத் திட்டும். பச்சை அம்பு உள்ள நிரையில் போங்கள். நோர்மண்டிப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று: ஏ13, ஏ14 வீதிகளில் 2024இலிருந்து வாசலே இல்லை, கமரா இலக்கத்தைப் பிடிக்கும், 72 மணித்தியாலத்துக்குள் ஒன்லைனில் நீங்களாகவே கட்ட வேண்டும். கடைசி நாளில் ஓடிவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் மறக்கிறது இதைத்தான்.

பாரிஸின் சுற்றுவீதியான பெரிபெரிக்குக்குள் போகாமல், எவ்ரிப் பக்கம் கிறுகி பிரான்சிலியன் என்கிற வெளிச்சுற்று வழியாக விமான நிலையத்துக்குப் போனோம். தூரம் கூட, மனநிம்மதியும் கூட. பெரிபெரிக்கில் வலப்பக்கமிருந்து உள்ளே ஏறுகிறவனுக்குத்தான் முன்னுரிமை, 2024 ஒக்டோபரிலிருந்து வேகமும் 50தான். களைத்துப்போன சாரதிக்கு அது உகந்த இடம் இல்லை.

பெற்றோலை ஹைவேயில் அடிக்காமல், விமான நிலையத்துக்குக் கிட்ட வந்து அடியுங்கள், ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் இ5, இ10 என்று இருப்பது பெற்றோல், பி7 டீசல். இ85 மலிவாக இருக்கிறதே என்று கைவைக்க வேண்டாம், அது அதற்கென்று செய்த கார்களுக்கு. ஆள் இல்லாத நிலையங்களில் காட்டைப் போட்டவுடன், அடித்த காசு எவ்வளவாக இருந்தாலும், நூறு யூரோவுக்கு மேல்கூடத் தற்காலிகமாகப் பிடித்து வைப்பார்கள். இலங்கை வங்கிக் காட்டில் அது திரும்பி வரச் சில நாள் எடுக்கும்.

அந்தப் பெற்றோலுக்குக் காசு கட்ட நான் நின்ற நிலை இருக்கிறதே. பயணம் முழுக்க என் கைக்கு ஒரு ரசீது வரவில்லை. ரூபாயில் உழைக்கிறவன் யூரோவில் கட்டக் கூடாது என்று மூன்று பேரும் பேசி வைத்திருக்கிறார்கள். கடைசித் தாங்கியையாவது கட்டுகிறேன் என்று காட்டை நீட்டினால் பாரிஸ் என் கையைத் தட்டிவிட்டு, "உன்ட காசைக் கொண்டுபோய் ஊர்ல ஒரு தேத்தண்ணி குடி" என்கிறான். ஊரிலிருந்து போகிறவர்கள் இதை முதல் நாளே பேசி முடிக்க வேண்டும். அவர்களுடைய அன்பு விளங்காமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு கோப்பிக் கடையிலும் பொக்கற்றுக்குள் கை வைத்துக்கொண்டு நிற்கிறது ஒரு வளர்ந்த மனுசனுக்குச் சங்கடம்.

காரைக் கொடுக்கும்போது நாலு பக்கமும், கூரை, சில்லு, பெற்றோல் முள், ஓடிய கிலோமீற்றர் எல்லாம் படம் எடுங்கள். ஞாயிறு இரவில் பல இடங்களில் திறப்பைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள், பார்த்துப் பொறுப்பெடுக்க ஆள் இருக்காது. கார்த் திரையில் சேர்த்த உங்கள் கைபேசியை அழித்துவிடுங்கள்; அம்மா, மனைவி, வங்கி மனேஜர் எல்லாருடைய நம்பரும் அடுத்து எடுக்கிறவனுக்குப் போகும். பிறகு நாங்கள் ஆர்.இ.ஆர் பி ரயிலில் லா கூர்நெவ் போனோம், நேர் ரயில்.

மறுநாள் விமான நிலையத்துக்கு நேரத்தோடு போங்கள். நம்மைப் போன்ற கடவுச்சீட்டுக்காரருக்கு 2025 ஒக்டோபர் 12இலிருந்து முகப்படம், கைவிரல் அடையாளம் பதிகிற புதிய முறை தொடங்கியிருக்கிறது, வரிசை நீளம். பிரான்ஸில் ஒரே கடையில் நூறு யூரோவுக்கு மேல் வாங்கி வரி திருப்பும் பத்திரம் எடுத்திருந்தால், பெட்டியைக் கொடுக்கிறதுக்கு முதலே பாப்லோ என்கிற இயந்திரத்தில் அதைக் காட்ட வேண்டும்.

கணக்கைச் சனி இரவே பார்க்கச் சொன்னேன், ஆனால் முழுதாக மூடிவிட வேண்டாம். இத்தாலியில் ஊர் நடுவில் வெளிக்கார் நுழையத் தடைசெய்த வலயங்கள் இருக்கின்றன, கமரா பிடிக்கும். வெளிநாட்டில் வசிக்கிறவருக்குத் தண்டப் பத்திரம் அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம். எங்களுக்கும் வந்தது, நான் ஊருக்கு வந்து பல மாதத்துக்குப் பிறகு, கார் எடுத்த பாரிஸின் பெயருக்கு. ஓடினது ஜெர்மன் என்று நேரம் பார்த்துக் கண்டுபிடித்தார்கள், அவன் கூகுள் மேப்பைக் குற்றம் சொன்னான். ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 வீதம் கழிவு என்று பாரிஸ் உடனே கட்டிவிட்டான். பிறகு சுவிஸ் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நாலாகப் பிரித்துப் போட்டு, என் பெயருக்குப் பக்கத்தில் "பாக்கி" என்று எழுதியிருந்தான். ஒரு கோப்பிக்குக் காசு வாங்காதவன்கள் தண்டத்துக்கு மட்டும் பங்கு கேட்டார்கள். என் பங்கைத் தான் பாரிஸுக்குப் போட்டுவிட்டதாகவும், ரூபாயில் களுவாஞ்சிகுடியில் தன் அம்மாவிடம் கொடுக்கும்படியும் எழுதியிருந்தான். மனதுக்கு ஒரு மாதிரிச் சந்தோசமாகத்தான் இருந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன், காரணத்தையும் சொன்னேன். அம்மா காசைக் கையில் வாங்கவில்லை.

"இத்தாலிப் பொலிசுக்குக் குடுக்கிற காசு எனக்கு என்னத்துக்கு மனே?"